பீப் சத்தம் வந்தால் போதுமா? பழைய கார் ஸ்விட்ச்சுகள்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்விட்ச் பற்றியவை. 31 வருடமாகக் கார் ஒயரிங் வேலை பார்க்கிறேன். இதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை, பழுதான பழைய ஸ்விட்ச்சைப் பிரித்து மறுபடி உயிர் கொடுப்பதுதான். அதனால் இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, என்னுடையது 35 வருடப் பழைய கார். இரவில் ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. பல்பை மாற்றியும் பயனில்லை. பத்து நிமிடம் ஓட்டினால் லைட் ஸ்விட்ச் கையில் சுடுகிறது. ஆனால் மல்டிமீட்டரில் சோதித்தால் பீப் சத்தம் நன்றாக வருகிறது. அப்படியானால் ஸ்விட்ச் நல்ல நிலையில்தானே இருக்கிறது?

கையில் சுடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே பதில். நல்ல ஸ்விட்ச் சுடாது. சுடுகிறது என்றால், பல்புக்குப் போக வேண்டிய சக்தியில் ஒரு பங்கு ஸ்விட்ச்சுக்குள்ளேயே வெப்பமாகிக் கரைகிறது.

பீப் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் இதை நம்பித்தான் நிறையப் பேர் நல்ல பல்பையும் நல்ல ஒயரையும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். கண்டினியூட்டி சோதனையில், அதாவது இந்த பீப் சோதனையில், மீட்டர் ஸ்விட்ச் வழியாக அனுப்புவது ஒரு மில்லி ஆம்பியர் அளவு மின்னோட்டம்தான். உங்கள் பல்பு 60/55 வாட் வகை என்றால், பிரைட்டில் பல்பு ஒன்றுக்கு 60, இரண்டு பல்பும் சேர்ந்து 120 வாட். 12 வோல்ட்டில் அது 10 ஆம்பியர். மீட்டர் அனுப்பியதைப் போலப் பத்தாயிரம் மடங்கு. ஒற்றையடிப் பாதையில் ஓர் ஆள் நடந்து போனதைப் பார்த்துவிட்டு, இதில் லாரி போகும் என்று சொன்னால் எப்படி? அப்படித்தான் இந்த பீப். போதாததற்கு, பல மீட்டர்கள் 30 ஓம் தடை இருந்தால்கூட பீப் அடித்துவிடும். நடுவில் 30 ஓம் இருந்தால் 12 வோல்ட்டில் அரை ஆம்பியர்கூடப் போகாது. ஹெட்லைட் இழை சிவக்கக்கூடச் செய்யாது.

எனவே ஸ்விட்ச்சை லோடு ஓடும்போதுதான், அதாவது விளக்கு எரியும்போதுதான், அளக்க வேண்டும். கழற்ற வேண்டாம், ஒயரைப் பிடுங்க வேண்டாம். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். ஹெட்லைட்டைப் பிரைட்டில் எரிய விடுங்கள். ஸ்விட்ச்சுக்குள் மின்சாரம் வரும் டெர்மினலில் சிவப்பு முனை, வெளியே போகும் டெர்மினலில் கறுப்பு முனை. ஆன் ஆகியிருக்கும் ஸ்விட்ச்சின் இரண்டு பக்கமும் ஒரே ஒயர் மாதிரி இருக்க வேண்டும். ஆகவே மீட்டர் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். 0.1 வோல்ட் வரை நல்ல ஸ்விட்ச். 0.2 வரை விட்டுவைக்கலாம். 0.5 தாண்டினால் கழற்றியே ஆக வேண்டும். உங்களுடையது சுடும் விதத்தைப் பார்த்தால் 1 வோல்ட்டுக்கு அருகில் இருக்கும் என்று நினைக்கிறேன். 1 வோல்ட்டை 10 ஆம்பியரால் பெருக்குங்கள்: 10 வாட். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள் ஒரு சின்ன சால்டரிங் அயர்னைச் செருகி வைத்ததற்குச் சமம். வெளிச்சத்துக்கும் அதுதான் கேடு. பல்புக்குப் போகும் வோல்ட் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும்.

அதோடு நிற்காமல் இன்னும் இரண்டு அளவுகள் எடுங்கள். லைட் எரியும்போதே பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பல்பின் பிளஸ் முனை வரை ஒன்று. பல்பின் எர்த் முனையிலிருந்து பேட்டரி மைனஸ் வரை ஒன்று. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு காருக்கு இதைச் செய்யாமல் புது ஸ்விட்ச் மாட்டி அனுப்பினேன். மறுநாளே அவர் அதே மங்கல் வெளிச்சத்தோடு திரும்பி வந்தார். ஹெட்லைட் பக்கத்து எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் அடித்திருந்தார்கள். மீதி வோல்ட் அங்கே உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து மூன்று அளவும் எடுக்காமல் ஸ்குரூ டிரைவரைத் தொடுவதில்லை.

சரி, ஸ்விட்ச்தான் குற்றவாளி என்று உறுதியாகிவிட்டது. முதலில் பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றுங்கள். ஒயர்கள் எந்த டெர்மினலில் எந்த நிறம் என்று போனில் படம் எடுங்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எடுத்தால் போதாது. ஸ்விட்ச்சைப் பிரிப்பதை ஒரு பெரிய கண்ணாடி பிளாஸ்டிக் பைக்குள் கைகளை விட்டுச் செய்யுங்கள். உள்ளே மிளகளவு குண்டும் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். மூடி திறந்த கணத்தில் தெறித்துவிடும். அது போனால் ஸ்விட்ச்சும் போயிற்று. மூடியைப் பிடிக்கும் பித்தளை நகங்களை ஒருமுறை நிமிர்த்தி ஒருமுறை மடக்கலாம், இரண்டாம் முறை அநேகமாக உடையும். ஆகவே அவசரம் வேண்டாம்.

உள்ளே என்ன பார்க்க வேண்டும்? முதலில் பாயிண்ட்டுகள், அதாவது ஒன்றையொன்று தொட்டு மின்சாரத்தைக் கடத்தும் உலோக முனைகள். கறுத்து, குழி விழுந்திருந்தால் சுத்தம் செய்யலாம். இரண்டாவது, நிறையப் பேர் கவனிக்காதது: டெர்மினல் ரிவெட். வெளியே ஒயர் மாட்டும் தகடும் உள்ளே இருக்கும் பாயிண்ட்டும் ஒரு ரிவெட்டால்தான் சேர்ந்திருக்கும். வருடக்கணக்கில் சூடாகி ஆறி அது தளர்ந்துவிடும். விரலால் தகட்டை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் சூட்டின் பிறப்பிடம் பாயிண்ட் அல்ல, அந்த ரிவெட்தான். கீழே இரும்பு வைத்து மெல்லத் தட்டி இறுக்கி, ரிவெட்டையும் தகட்டையும் சேர்த்து ஒரு சொட்டு ஈயம் வைத்துவிடுவேன். சால்டரிங் அயர்னை நேரம் கடத்தி வைக்காதீர்கள், பக்கத்துப் பிளாஸ்டிக் இளகும். இப்படிச் சரி செய்த ஸ்விட்ச்சுகள் பல வருடம் ஓடிப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, பாயிண்ட்டை அழுத்தும் மெல்லிய தகடு. அது நீலமாகவோ பழுப்பாகவோ நிறம் மாறியிருந்தால் சூட்டில் விறைப்புப் போய்விட்டது என்று பொருள். எவ்வளவு தேய்த்தாலும் அழுத்தம் திரும்பாது. பிளாஸ்டிக் உருகிப் பாயிண்ட்டுகள் நேர்கோட்டில் இல்லாவிட்டாலும் அப்படித்தான். அந்த இரண்டு நிலையிலும் புது ஸ்விட்ச் தேடுவதே நல்லது.

ஸ்விட்ச்சைச் சரி செய்த பிறகு அதன் தோளில் இருக்கும் சுமையை இறக்கி வையுங்கள். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே. ரிலே என்பது சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை ஆன் செய்யும் ஸ்விட்ச். பேட்டரிக்கு அருகிலேயே ரிலேக்கு ஒன்றாக 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, அங்கிருந்து தடித்த ஒயர் ரிலேயின் 30-ஆம் முனைக்கு. 87-இலிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் ஒயர் 86-க்கு. 85 எர்த். இனி ஸ்விட்ச் வழியாகப் போவது ரிலே காயிலுக்கான 0.15 அல்லது 0.2 ஆம்பியர் மட்டும்.

கேள்வி: அண்ணா, என் அப்பாவின் பழைய காரை நான் ஓட்டுகிறேன். இரண்டு பக்க இண்டிகேட்டரும் திடீரென நின்றுவிட்டன. விளக்கை விட்டுவிட்டு மின்ன வைக்கும் ஃபிளாஷரை மாற்றினேன், மாற்றமில்லை. ஆனால் ஹசார்ட் பட்டனை அழுத்தினால் நான்கு விளக்கும் அழகாக மின்னுகின்றன. ஸ்டியரிங் ஸ்விட்ச் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றவா?

பொறுங்கள் தங்கச்சி. ஸ்டியரிங் ஸ்விட்ச்சைத் தொடுவதற்கு முன்னால், காரை நிறுத்தி வைத்து ஹசார்ட் பட்டனை 30 தடவை வேகமாக அழுத்தி விடுவியுங்கள். பிறகு சாவியைப் போட்டு இண்டிகேட்டரைப் போட்டுப் பாருங்கள். எரிந்துவிட்டால் ஸ்டியரிங் ஸ்விட்ச் நிரபராதி.

பல கார்களில் இண்டிகேட்டருக்கான மின்சாரம் சாவியிலிருந்து நேராக ஃபிளாஷருக்குப் போவதில்லை. ஹசார்ட் ஸ்விட்ச்சுக்குள் நுழைந்து வெளியே வந்துதான் போகிறது. ஹசார்ட் அழுத்தப்படாமல் இருக்கும்போது உள்ளே ஒரு ஜோடிப் பாயிண்ட் சேர்ந்திருக்கும். இண்டிகேட்டர் அதன் வழியாகத்தான் உயிர் வாங்குகிறது. ஹசார்டை அழுத்தினால் அந்த ஜோடி பிரிந்து, வேறொரு ஜோடி பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுக்கும். அந்த வேறு ஜோடி நல்ல நிலையில் இருக்கிறது, அதனால் ஹசார்ட் எரிகிறது. முதல் ஜோடியோ வருடம் முழுக்க அசையாமல் கிடக்கிறது. அடிக்கடி உரசும் பாயிண்ட் தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும். அசையாமல் கிடப்பதில் படலம் கட்டிவிடும்.

ஹசார்ட் எரிவதால், பல்புகள், பின்னால் போகும் ஒயர்கள், எர்த் எல்லாம் சரி என்று தெரிந்துவிட்டது. இரண்டுக்கும் ஒரே ஃபிளாஷர் என்றால் அதுவும் சரி. மிகப் பழைய சில கார்களில் ஹசார்டுக்குத் தனி ஃபிளாஷர் இருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருப்பது சாவி வழியாக வரும் ஃபியூஸும் ஹசார்ட் ஸ்விட்ச்சும்தான். ஃபியூஸைக் கண்ணால் மட்டும் பார்க்காமல், சாவி ஆன் செய்து இரண்டு முனையிலும் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் நின்றிருந்தால் ஸ்டியரிங் ஸ்விட்ச்சைச் சந்தேகிக்கலாம். இரண்டும் ஒரே நாளில் நின்றால் பொதுவான வழியில்தான் முதலில் தேட வேண்டும்.

30 முறை அழுத்திச் சரியானாலும் சில வாரத்தில் திரும்பி வரும். ஒரு விடுமுறை நாளில் ஹசார்ட் ஸ்விட்ச்சைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம், காரில் ஏர்பேக் இருந்தால் ஸ்டியரிங்கைக் கழற்றும் வேலையில் நீங்களாக இறங்க வேண்டாம். ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்) எதிலும் டெஸ்ட் லேம்ப் படவே கூடாது.

கேள்வி: ஸ்விட்ச் பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்க்கலாமா? எந்த ஸ்பிரே நல்லது? கிரீஸ் வைக்கலாமா?

உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் பாயிண்ட்டின் நிறத்தைப் பாருங்கள். நிறைய ஸ்விட்ச்சுகளில் பித்தளைக்கு மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு இருக்கும். முரட்டுத் தாளால் தேய்த்தால் கறுப்போடு வெள்ளியும் போய்விடும். ஒரு மாதம் நன்றாக ஓடி, முன்பைவிட வேகமாகக் கருகும். கெட்டியான அட்டைக் கீற்று ஒன்றை ஐசோபுரோபைல் ஆல்கஹாலிலோ எலக்ட்ரிக்கல் காண்டாக்ட் கிளீனரிலோ நனைத்து, பாயிண்ட்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி இழுங்கள். கீற்றில் கறுப்பு ஒட்டி வரும். கறுப்பு நிற்கும் வரை புதுக் கீற்றுகள். நான் பெரும்பாலும் இதோடு முடித்துக்கொள்கிறேன். குழி விழுந்த கெட்டிப் பாயிண்ட் என்றால் மட்டும் 1000 எண் தாளால் இரண்டு மூன்று இழுப்பு, பிறகு துகள் எதுவும் தங்காதபடி கழுவல்.

துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை ஸ்விட்ச்சுக்குள் அடிக்காதீர்கள். முதல் நாள் அருமையாக வேலை செய்யும். தங்கிய எண்ணெயில் தூசி சேர்ந்து, தீப்பொறியில் கருகி, பழைய நிலையைவிட மோசமாகும். சிலிக்கோன் கிரீஸை வெளியே கப்ளரில் வைக்கலாம், தண்ணீர் புகாது. பொறி பறக்கும் பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். பொறியின் சூட்டில் சிலிக்கோன் சிதைந்து மணல் போன்ற படலமாகும், அது மின்சாரத்தைக் கடத்தாது.

கேள்வி: தம்பி, எனக்கு 72 வயது. என் காரில் மெதுவாக பிரேக் பிடித்தால் பின் விளக்கு எரிவதில்லையாம், பின்னால் வருபவர்கள் சொல்கிறார்கள். அழுத்தி மிதித்தால் எரிகிறது. என்ன செய்வது?

ஐயா, இது சரியாகும் வரை தயவுசெய்து காரை வெளியே எடுக்காதீர்கள். மற்ற ஸ்விட்ச் பழுதானால் நமக்குச் சிரமம். இது பழுதானால் பின்னால் வருபவருக்கு நாம் நிற்பதே தெரியாது.

பழைய கார்களில் பிரேக் விளக்கு ஸ்விட்ச் இரண்டு விதம். ஒன்று பெடலுக்கு மேலே பட்டன் போல இருப்பது. பெடல் விலகியதும் ஆன் ஆகும். இன்னொன்று பிரேக் ஆயில் குழாயில் திருகியிருப்பது. ஆயில் அழுத்தத்தில் ஆன் ஆகும். அழுத்தி மிதித்தால்தான் எரிகிறது என்றால் அநேகமாக உங்களுடையது இரண்டாவது வகை, உள்ளே பாயிண்ட் கருகிவிட்டது. உறுதி செய்ய, சாவியை ஆன் செய்து அதன் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொடச் செய்யுங்கள். விளக்கு பளிச்சென எரிந்தால் ஒயர், பல்பு, எர்த் எல்லாம் சரி.

பழுது பார்ப்பதை இவ்வளவு விரும்பும் நான், இந்த ஒரு ஸ்விட்ச்சை மட்டும் பிரிக்கச் சொல்ல மாட்டேன். அதற்குள் பிரேக் ஆயில் இருக்கிறது. புதியது மாட்டி, பிரேக் லைனில் காற்றை எடுக்கச் சொல்லுங்கள். பெடல் வகையாக இருந்தால் பாதி நேரம் அதன் இடம்தான் நகர்ந்திருக்கும்; நட்டைத் தளர்த்தி, பெடல் சிறிது இறங்கியதுமே எரியும்படி வைத்து இறுக்கினால் போதும்.

கேள்வி: இடது பக்கக் கண்ணாடி, டிரைவர் பக்க ஸ்விட்ச்சிலிருந்து ஏறி இறங்குகிறது. அந்தக் கதவிலேயே உள்ள ஸ்விட்ச்சில் ஏறுகிறது, இறங்கவில்லை. மோட்டார் போய்விட்டதா?

மோட்டார் நன்றாக இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். பவர் விண்டோ மோட்டாருக்கு இரண்டே ஒயர்கள். பிளஸ்ஸும் எர்த்தும் இடம் மாறினால் திசை மாறும். ஸ்விட்ச் சும்மா இருக்கும்போது பொதுவாக இரண்டு ஒயரும் எர்த்தில்தான் இருக்கும். ஒரு பக்கம் அழுத்தினால் ஒரு ஒயர் மட்டும் பிளஸ்ஸுக்குப் போகும். டிரைவர் ஸ்விட்ச்சில் இரண்டு திசையும் ஓடுகிறது என்பதால் மோட்டாரும் ஒயரும் தேறிவிட்டன. கதவு ஸ்விட்ச்சில் இறக்கும் பக்கப் பாயிண்ட் மட்டும் கெட்டிருக்கிறது. கழற்றி அட்டைக் கீற்று வேலை செய்யுங்கள்.

இதையே தலைகீழாகவும் நினைவில் வையுங்கள். பல கார்களில் மற்றக் கதவுகளின் ஸ்விட்ச்சுக்கு எர்த்தே டிரைவர் பக்க மாஸ்டர் ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. மாஸ்டரில் ஒரு பாயிண்ட் கருகினால், தொடாத கதவின் கண்ணாடி நிற்கும். கதவைப் பிரித்துத் தேடுகிறவர்களுக்கு அங்கே எதுவும் கிடைக்காது. சோதிக்கும்போது மீட்டருக்குப் பதில் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் வைத்து மோட்டார் கப்ளரில் மாட்டுங்கள். அது 1.75 ஆம்பியர் இழுக்கும். கருகிய பாயிண்ட் உடனே மங்கலில் காட்டிக் கொடுத்துவிடும்.

கேள்வி: வீட்டில் மிச்சமிருந்த 250 வோல்ட், 6 ஆம்பியர் ஸ்விட்ச்சை ஃபாக் லைட்டுக்கு வைக்கலாமா? 12 வோல்ட்தானே?

வேண்டாம். வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுகிறது. பாயிண்ட் பிரியும்போது எழும் பொறி அங்கே அணைந்துவிடும். கார் பேட்டரியின் டி.சி. பூஜ்யத்துக்கு வருவதே இல்லை, பொறி நீண்டு பாயிண்ட்டைத் தின்னும். மேலும் 55 வாட் ஃபாக் லைட் இரண்டு என்றால் 9 ஆம்பியரைத் தாண்டுகிறது. டி.சி. 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும் ஸ்விட்ச்சாகப் பாருங்கள், கூடவே ஒரு ரிலே.

கேள்வி: மூன்று நாள் நிறுத்தி வைத்தால் கார் ஸ்டார்ட் ஆவதில்லை. பேட்டரி புதியது. சார்ஜிங்கும் சரி என்கிறார்கள்.

எங்கோ ஒரு ஸ்விட்ச் அணையாமல் இருக்கிறது. டிக்கி விளக்கின் 5 வாட் பல்பை எடுத்துக்கொள்ளுங்கள்: 0.4 ஆம்பியர். 45 ஆம்பியர்-அவர் (Ah) பேட்டரியை நாலரை நாளில் முழுக்கக் காலி செய்துவிடும். ஸ்டார்ட்டரைச் சுற்றும் தெம்பு அதற்கு முன்பே போய்விடும். உங்கள் மூன்று நாள் கணக்கு இதோடு பொருந்துகிறது.

போனில் வீடியோ ஓட விட்டு டிக்கிக்குள் வைத்து மூடுங்கள். ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். டேஷ்போர்டு பெட்டிக்குள்ளும் அப்படியே. வெளிச்சம் தெரிந்தால் பழுது கையில் கிடைத்துவிட்டது: பட்டன் துருவேறிச் சிக்கியிருக்கும், அல்லது மூடி அதை முழுக்க அழுத்தவில்லை. பழைய சில கார்களின் டிக்கி விளக்கில் பட்டனே இருக்காது. சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் பாதரசம் சாய்ந்து ஆன் ஆகும். அப்படி இருந்தால் குப்பியை உடைத்துவிடாதீர்கள். அது நழுவிச் சாய்ந்திருந்தால் பழைய கோணத்துக்கு நிமிர்த்தினால் போதும்.

வீடியோ இருட்டாக இருந்தால், பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாட்டி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சேருங்கள். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்யக் கூடாது, கதவும் திறந்திருக்கக் கூடாது. 0.05-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. மேலே இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதை எடுத்தபோது அளவு இறங்குகிறது என்று பாருங்கள். அந்த ஃபியூஸ் எதற்குப் போகிறது, எத்தனை ஆம்பியர் இறங்கியது என்று எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் அங்கிருந்து தொடரலாம்.